குடிகாரன் போட்ட ஒரே வாக்கு

வெள்ளைத் தாள் என்றால் ‘ஆம்’. நீலத் தாள் என்றால் ‘இல்லை’.

கூடத்திலே கூட்டம், கூட்டத்திலே கொதிப்பு. தாள்கள் துண்டு துண்டாக வெட்டப்பட்டுக் கைக்குக் கை வழங்கப்படுகின்றன. தலைவரே தொப்பியை ஏந்தி வரிசை வரிசையாக வருகிறார், வாக்குகளைத் திரட்டுகிறார், முடிவை அறிவிக்கிறார். மருத்துவர் ஸ்டாக்மன் மக்களின் பகைவர்! அவையோர் அனைவரும் அவ்வாறே கருதுகின்றனர், ஒரே ஒருவனைத் தவிர! யார் அந்த ஒருவன்? ஊரறிந்த அறிஞனா? நீதி நூல் கற்றவனா? நெஞ்சுரம் மிக்க வீரனா? எவனும் அல்லன். போதையில் தள்ளாடி வந்தவன். விரட்டி வெளியேற்றப்பட்டும் திரும்பி வந்தவன். எனக்கும் ஒரு நீலத் தாள் கொடு என்று கேட்டு நின்றவன். ஒரு குடிகாரன்!

அரங்கிலே சிரிப்பொலி எழும் இடம் இது. சிரித்து முடித்த பின்னர் நெஞ்சில் நெருஞ்சி முள்ளாகத் தைக்கும் இடமும் இதுவே. தெளிந்த மதியினர் அனைவரும் பொய்யின் பக்கம் நிற்க, மதி மயங்கியவன் ஒருவனது வாக்கு மட்டும் உண்மையின் பக்கம் விழுந்தது. அச்சம் அற்றிருந்தவன் அவன் ஒருவனே. அந்த அச்சமின்மையும் அறிவால் வந்ததன்று, மதுவால் வந்தது!

நார்வே நாட்டு நாடக மேதை ஹென்ரிக் இப்சன் 1882-இல் எழுதிய ‘மக்கள் பகைவன்’ எனும் நாடகத்தின் நான்காம் அங்கத்திலே இக்காட்சியைக் காண்கிறோம். நாடாளுமன்றம் முதல் நம் ஊர்ப் படிப்பகம் வரை, கைகளை எண்ணி முடிவு காணும் எவரும் இந்த அங்கத்தை ஒரு முறை படித்துவிட்டு வாக்கெடுப்பைத் தொடங்குவது நன்று. ஆனால், தோழர்களே! புகழ்பெற்றோர் எழுதியது என்பதற்காக உரைகல்லை ஒதுக்கி வைத்துவிடுவது பகுத்தறிவாளர் பண்பாகாது. உரசிப் பார்ப்போம். பொன் எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று காண்போம்.

கதை என்ன?

கடற்கரையோரச் சிற்றூர் ஒன்று. அங்கே நோய் தீர்க்கும் நீராடு நிலையம் ஒன்று எழும்பியிருக்கிறது. வெளியூரார் வருகின்றனர், வீடுகளுக்கு வாடகை உயருகிறது, கடைகளிலே காசு புரளுகிறது. ஊரே அந்த நீரை நம்பி வாழுகிறது. அந்நிலையத்தின் மருத்துவர் தாமஸ் ஸ்டாக்மன். முந்திய ஆண்டிலே நீராட வந்தோர் சிலருக்குக் குடற்காய்ச்சல் கண்டது அவர் உள்ளத்தை உறுத்துகிறது. நீரை எடுத்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி ஆராயச் செய்கிறார். விடை வருகிறது: நீரிலே நச்சுக் கிருமிகள்! மேட்டுப் பகுதியிலே உள்ள தோல் பதனிடும் தொழிற்கூடங்களின் கழிவு குழாய் நீரிலே கலக்கிறது. நோய் தீர்க்கும் நீர் என்று விற்கப்படுவது நோய் கொடுக்கும் நீர்!

ஊர் தம்மை வாழ்த்தும் என்று நம்புகிறார் மருத்துவர், பாவம்! ‘மக்கள் தூதன்’ ஏட்டின் ஆசிரியர் ஹோவ்ஸ்டாட் தோள் கொடுக்க வருகிறார். அச்சக உரிமையாளர் ஆஸ்லாக்சன் வருகிறார். வீட்டு உரிமையாளர் சங்கத் தலைவர் அவர். மது ஒழிப்புக் கழகத்தின் முகவருங்கூட. கட்டுக்கோப்பான பெரும்பான்மை உம் பின்னே நிற்கிறது என்று உறுதி கூறுகிறார்.

பிறகு வருகிறார் பீட்டர் ஸ்டாக்மன். மருத்துவரின் அண்ணன், நகரத் தலைவர், நீராடு நிலைய ஆட்சிக் குழுவின் தலைவர். குழாய்களை மாற்றிப் போட வேண்டுமானால் பெருந்தொகை வேண்டும். இரண்டாண்டுகள் நிலையத்தை மூட வேண்டும். பணத்தை ஊரார்தான் தர வேண்டும் என்று கணக்கை விரிக்கிறார். அவ்வளவுதான்! கட்டுக்கோப்பான பெரும்பான்மை அதே கட்டுக்கோப்போடு மறுபக்கம் திரும்பிவிடுகிறது. ஏடு கட்டுரையைத் திருப்பித் தருகிறது. அச்சகம் அச்சிட மறுக்கிறது. கூட்டம் கூட்ட இடமில்லை. கப்பல் தலைவர் ஹார்ஸ்டர் ஒருவர் மட்டும் தம் வீட்டுக் கூடத்தைத் தருகிறார். அங்கேதான் நாம் தொடக்கத்தில் கண்ட வாக்கெடுப்பு!

இந்நாடகம் பிறந்த சூழலையும் அறிந்திருத்தல் நலம். இதற்கு முந்திய ஆண்டு, 1881-இல், ‘ஆவிகள்’ எனும் நாடகத்தை வெளியிட்டார் இப்சன். பழமையாளர் பாய்ந்தனர், அதில் வியப்பில்லை. முற்போக்கு பேசிய ஏடுகளும் கைவிட்டன. அதுதான் அவரைச் சுட்டது. அவருடைய தாயகத்து அரங்குகள் கதவடைக்க, அந்நாடகம் முதன்முதலாக மேடையேறியது கடல் கடந்த சிக்காகோ நகரிலே! காயம்பட்டவன் எழுதிய நாடகம் ‘மக்கள் பகைவன்’. ஆகவேதான் அதிலே அனல் இருக்கிறது. ஆகவேதான் சில இடங்களிலே புகையும் இருக்கிறது.

சட்டப்படி நடந்த சதி

நான்காம் அங்கத்தின் திறம் எங்கே இருக்கிறது? அந்தக் கூட்டத்திலே எதுவும் முறை தவறி நடப்பதாகத் தோன்றாதபடி இப்சன் அமைத்திருப்பதில் இருக்கிறது. தடியடி இல்லை, கூட்டத்தைக் கலைக்க ஆள் ஏவப்படவில்லை. தலைவர் வேண்டும் என்கிறார்கள், தலைவர் தேர்ந்தெடுக்கப்படுகிறார். தீர்மானம் முன்மொழியப்படுகிறது; ஆதரித்துப் பேசப்படுகிறது; வாக்கு எடுக்கப்படுகிறது; முடிவு அறிவிக்கப்படுகிறது. நம் ஊர்ச் சங்கங்களிலே நடப்பது போலவே அனைத்தும்! ஒழுங்கு இருக்கிறது. நேர்மை மட்டும் இல்லை.

எங்கே பிழைத்தது முறை? மூன்று இடங்களிலே.

முதலாவது, கேட்பதற்கு முன்னரே முடிவு கட்டியது. கூட்டத்தைக் கூட்டியவர் மருத்துவர்; தம் ஆராய்ச்சியை எடுத்துரைப்பதற்காகவே கூட்டினார். நகரத் தலைவர் எழுந்து, மருத்துவர் அந்த அறிக்கையைப் படிக்கவோ அதுபற்றிப் பேசவோ அவை இசையக் கூடாது என்கிறார். தலைமை தாங்கும் ஆஸ்லாக்சனே அதற்குத் துணை நிற்கிறார். இடத்தைத் தேடிப் பிடித்தவன் பேசக்கூடாது. இடத்துக்கு வந்தவர்கள் பேசலாம்! என்ன விந்தை!

இரண்டாவது, வாக்கினால் முடிவு செய்ய முடியாத ஒன்றை வாக்குக்கு விட்டது. நீரிலே கிருமி இருக்கிறதா, இல்லையா? இதற்கு விடை சொல்ல வேண்டியது ஆய்வுக்கூடம். ஊரார் அனைவரும் கை தூக்கினாலும் ஒரு கிருமி சாகாது. நிலையத்தை மூடலாமா, பணத்தை எப்படித் திரட்டலாம், சுமையை யார் எவ்வளவு தாங்குவது என்பனவெல்லாம் அவை முடிவு செய்ய வேண்டியவை. செய்ய உரிமையும் உடையவை. செயலை முடிவு செய்ய வாக்கு உண்டு. செய்தியை முடிவு செய்ய வாக்கு இல்லை. இந்த வேறுபாட்டை மறந்த அவை தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளும் அவை.

மூன்றாவது, கருத்தை விட்டுவிட்டு மனிதன் மீது வாக்கெடுத்தது. மருத்துவரின் யோசனை தள்ளப்படுகிறது என்று தீர்மானம் போட்டிருந்தால், அது தவறான முடிவாக இருந்திருக்கும், ஆனால் முடிவு. மருத்துவர் மக்களின் பகைவர் என்று தீர்மானம் போட்டபோதோ அது தண்டனை ஆகிவிட்டது. நம் நாட்டிலே இதற்குப் பழகிய பெயர் ஒன்று உண்டு: ஊர்விலக்கம்! நாலு பேர் கூடி, நாலு பேர் பெயரால், ஐந்தாமவன் அடுப்பில் பூனை உறங்கச் செய்வது.

ஐந்தாம் அங்கத்திலே அதன் விளைவைக் காண்கிறோம். வீட்டுச் சன்னல்கள் கல்லடிபட்டு நொறுங்கிக் கிடக்கின்றன. கண்ணாடி போடும் தொழிலாளி வர மறுக்கிறான். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்கிறார். ஆசிரியையாகிய மகள் பெட்ரா பள்ளியிலிருந்து நீக்கப்படுகிறாள். கூடம் தந்த குற்றத்துக்காகக் கப்பல் தலைவர் தம் கப்பலை இழக்கிறார். இனி எவரும் இந்த மருத்துவரை அழைப்பதில்லை என்று வீடு வீடாகக் கையொப்பம் வாங்கப்படுகிறது.

நீலமும் வெள்ளையும்

இங்கேதான் இப்சனின் கலை உச்சத்தைத் தொடுகிறது. வேலையை விட்டு நீக்கியவர்களும், வீட்டை விட்டு வெளியேறச் சொன்னவர்களும் மருத்துவர் மீது வெறுப்புக் கொண்டவர்களா? அல்லர்! பெட்ராவை நீக்கிய பள்ளித் தலைவிக்கு அவளை நீக்க மனமில்லை; ஆனால் வைத்துக்கொள்ளத் துணிவில்லை. வீட்டுக்காரருக்கும் அதே நிலை. ஒவ்வொருவரும் கூறுவது ஒன்றே: எனக்கு ஒன்றுமில்லை, ஆனால் ஊர் என்ன நினைக்கும்?

ஊர் என்பது யார்? இவர்களே! பெரும்பான்மைக்கு அஞ்சியவர்களைக் கூட்டிப் பார்த்தால், அந்தக் கூட்டுத்தொகையே பெரும்பான்மை ஆகிறது! வெள்ளைத் தாள் போட்டவர்களுள் எத்தனை பேர் உள்ளத்தில் நீலம் இருந்ததோ, யார் அறிவார்?

வாக்கெடுத்த முறையை மீண்டும் நோக்குங்கள். மருத்துவரின் மனம் புண்படலாகாது என்று பரிவு காட்டித்தான் சீட்டு முறையைத் தேர்ந்தெடுக்கிறார் தலைவர். ஆனால் சீட்டுகளோ இரு நிறம்! எவன் கையில் எந்த நிறம் என்பது அடுத்திருப்பவன் கண்ணுக்குத் தெரியும். திரட்ட வருபவரோ தீர்மானத்தை முன்மொழிந்த தலைவர். மறைவு இல்லாத மறைவாக்கெடுப்பு! இந்நாடகம் எழுதப்படுவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே, 1872-இல், இங்கிலாந்து சட்டம் இயற்றி மறைவாக்கு முறையைக் கொணர்ந்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா குடியேற்றம் 1856-இலேயே கொணர்ந்தது. பண்ணையாரின் கண்ணும் முதலாளியின் கண்ணும் பாயாத இடத்திலே தாளைக் குறிக்க வேண்டும் என்பதற்காகவே அம்முறை பிறந்தது.

பள்ளி ஆசிரியன் என்ற முறையிலே ஒன்று கூறுவேன். வகுப்பிலே ஏதேனும் ஒன்றைக் கேட்டு, கை தூக்குங்கள் என்றால், பிள்ளைகள் முதலில் பார்ப்பது வினாவை அன்று, பக்கத்திலிருப்பவனின் கையை! அரைவாசி உயர்ந்த கை, அடுத்தவன் கை உயரவில்லை என்று கண்டதும் தலையைச் சொறிந்துகொண்டு இறங்கிவிடும். அதே வினாவுக்குப் பெயரின்றித் தாளில் எழுதித் தரச் சொன்னால் வேறு விடை வருகிறது. சிறுவர் செயல் என்று சிரித்துவிட வேண்டாம். ஒருமனதாக நிறைவேறியது என்று பெரியவர்கள் எழுதிவைக்கும் தீர்மானங்கள் பலவற்றின் பின்னேயும் இறங்கிவிட்ட கைகள் உண்டு.

மருத்துவரின் மயக்கம்

இதுவரை பொன். இனிச் செம்பு.

அறிக்கையைப் படிக்கவிடாமல் தடுக்கப்பட்ட மருத்துவர் வேறொரு பேச்சைத் தொடங்குகிறார். அப்பேச்சிலே அனல் பறக்கிறது. ஆனால் அறிவு தடுமாறுகிறது. உண்மைக்கும் உரிமைக்கும் பெரும்பான்மையே கொடிய பகை என்கிறார். சிறுபான்மையே எக்காலத்தும் சரி என்கிறார். பொதுமக்கள் பண்படாத மூலப்பொருள் என்கிறார். அத்தோடு நின்றாரா? நாய்களை உவமைக்கு அழைக்கிறார்! தெருநாய் வேறு, உயர்ந்த வீடுகளிலே வழிவழியாக வளர்க்கப்பட்ட சாதி நாய் வேறு, மூளையே வேறு, மனிதரிலும் அப்படியே என்று அடுக்குகிறார்.

கேட்ட பேச்சாக இருக்கிறதே! பிறப்பிலே உயர்வு, வழிவழி வந்த அறிவு, வளர்ப்பிலே மேன்மை — இந்தப் பாடலை இந்த நாட்டிலே நாம் எத்தனை நூற்றாண்டுகளாகக் கேட்டுப் புண்பட்டிருக்கிறோம்! நார்வே நாட்டு மருத்துவர் பாடினால் மட்டும் அது பகுத்தறிவுப் பண் ஆகிவிடுமா?

மருத்துவருக்காக வாதாடுவோர் உண்டு. தாழ்ந்தோர் என்று அவர் கூறுவது ஏழைகளை அன்று; நகரத் தலைவராகிய தம் அண்ணனையே அந்த வரிசையில்தான் வைக்கிறார் என்பர். அது மெய்யே. இப்சனும் தம் பதிப்பாளருக்கு எழுதிய மடலிலே, மருத்துவர் தம்மைவிடக் குழப்பம் மிகுந்தவர் என்று குறித்திருக்கிறார். ஆயினும் அந்த உவமை ஊட்டும் நஞ்சு எளிதில் இறங்குவதன்று. நீரிலே கலந்த நஞ்சைக் கண்ட கண், தம் பேச்சிலே கலந்த நஞ்சைக் காணவில்லை!

சிறுபான்மையே எக்காலத்தும் சரி என்பதும் அவ்வாறே. ஆயிரம் பேர் சேர்ந்து கூறுவதால் ஒன்று மெய்யாகிவிடாது என்றால், ஒருவனே கூறுவதாலும் அது மெய்யாகிவிடாது. உடன்கட்டை ஏறுவதை 1829-இல் தடை செய்தபோது அதை எதிர்த்துக் கையொப்பம் திரட்டி இலண்டன் வரை முறையிட்டவர்கள், நாட்டு மக்கள் தொகையிலே ஒரு சிறு கூட்டத்தார்தாம். சிறுபான்மையாயிருந்ததால் அவர்கள் கூற்று அறமாகிவிட்டதா? நிலவுடைமைக் கோமான்களும் ஒரு சிறுபான்மையே. நெடுங்காலம் நாட்டையே ஆண்டவர்கள்! எண்ணிக்கையைக் கொண்டு உண்மையை அளக்கலாகாது என்று தொடங்கிய மருத்துவர், எண்ணிக்கை குறைந்தால் உண்மை என்று முடித்துவிட்டார். அளவுகோல் தவறு என்றவர் அதே அளவுகோலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார்!

இந்தக் குறையைப் பின்வந்த கலைஞர்கள் கண்டனர். 1950-இல் அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் இந்நாடகத்தைத் தம் மேடைக்கேற்ப மாற்றி அமைத்தார். கருத்து வேறுபாட்டையே நாட்டுப் பகை என்று வேட்டையாடத் தொடங்கியிருந்த காலம் அது. குருதிச் சிறப்பும் பிறப்புச் சிறப்பும் பேசும் பகுதிகளை நீக்கினார் மில்லர். தனியொருவனின் உரிமையைக் காக்க எழுந்த நாடகம், இட்லர்கள் எடுத்தாளக்கூடிய வாதத்தைச் சுமந்து திரியலாகாது என்று உணர்ந்த கை செய்த நல்ல அறுவை அது.

1989-இல் வங்கத்து இயக்குநர் சத்தியஜித் ரே இதனையே ‘கணசத்ரு’ எனும் படமாக்கினார். அங்கே நீராடு நிலையம் கோயிலாகிறது. குழாய் நீர் தீர்த்தமாகிறது! துளசி கலந்த புனித நீரில் நோய் எப்படி வரும் என்று கேட்கிறார்கள். மருத்துவரைப் பார்த்து, நீ இந்துவா, கோயிலுக்குப் போனதுண்டா என்று கேட்கிறார்கள். கிருமியைப் பற்றிப் பேச வந்தவரைச் சமயத்தைப் பற்றிப் பேசச் செய்து மடக்குகிறார்கள்! நூறாண்டுக்கு முன் நார்வேயிலே காசு செய்ததை இங்கே காசும் கடவுளும் கைகோத்துச் செய்கின்றன. இப்சன் நாடகத்தைவிட இப்படத்தின் மொழி தாழ்ந்தே ஒலிக்கிறது; உணர்ச்சி அவ்வளவு சீறவில்லை. ஆனால் முடிவிலே ரே ஒரு பெரிய திருத்தம் செய்தார். தனித்து நிற்பவனே வலியவன் என்ற எண்ணத்தோடு முடித்தார் இப்சன். ரேயின் மருத்துவரோ, தெருவிலே இளைஞர்களின் குரல் எழுவதைக் கேட்கிறார். தாம் தனியாக இல்லை என்று உணர்கிறார். நாடகத்தின் செருக்கை நீக்கி நம்பிக்கையை வைத்தது இத்திருத்தம். சிறுபான்மையின் பெருமை சிறுபான்மையாகவே இருந்துவிடுவதில் இல்லை. பேசிப் பேசி நாளைய பெரும்பான்மையை ஆக்குவதில் இருக்கிறது.

இரண்டாவது கப்பல்

அப்படியானால், சிறுபான்மைக் கருத்தை நாம் மதிக்க வேண்டுவது ஏன்? அது சரியாக இருக்கும் என்பதற்காகவா? அன்று. அது சரியா தவறா என்பது கேட்ட பிறகே தெரியும் என்பதற்காக! ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இல் வெளியிட்ட ‘உரிமை’ பற்றிய நூலிலே இதைத் தெளிவாக்கினார். மாற்றுக் கருத்து சரியானால், அதை அடக்குவோர் தம் தவறைத் திருத்தும் வாய்ப்பை இழக்கிறார்கள். தவறானால், தம் உண்மையைச் சாணை பிடித்துக்கொள்ளும் வாய்ப்பை இழக்கிறார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். இருவகையிலும் இழப்பு பெரும்பான்மைக்கே!

கிரேக்க நாட்டு ஏதென்ஸ் நகரின் அவை கி.மு. 427-இல் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. தங்களை எதிர்த்துக் கிளர்ந்த மித்திலீனி நகரின் ஆடவர் அனைவரையும் கொல்வது. பெண்டிரையும் பிள்ளைகளையும் அடிமையாக்குவது. கட்டளையை ஏந்திக் கப்பல் ஒன்று புறப்பட்டுவிட்டது. மறுநாள் மனம் உறுத்தியது. மீண்டும் அவை கூடியது. நேற்றைய முடிவை மாற்றலாகாது என்று முழங்கினான் கிளியோன். டயோடோட்டஸ் எழுந்து எதிர்த்துப் பேசினான். கைகள் ஏறக்குறையச் சரிபாதியாக உயர்ந்தன. மிகச் சிறிய வேறுபாட்டிலே கொலைக் கட்டளை நீங்கியது. இரண்டாவது கப்பல் விரைந்தது. துடுப்பு வலித்தபடியே உண்டனர் வீரர். முதற் கப்பலின் கட்டளை படிக்கப்பட்டு, நிறைவேறப்போகும் தறுவாயிலே போய்ச் சேர்ந்தது இரண்டாவது கப்பல்! கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கியோர் என ஆயிரவரைக் கொன்ற கறை ஏதென்சுக்கு உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு நகரம் பிழைத்தது. எதனால்? மூடிய தீர்மானத்தைத் திறக்க வழி இருந்ததால். தோற்ற பக்கத்துக்கு மறுநாளும் நா இருந்ததால்.

எந்நாளும் திறந்தே கிடந்தால் வேலை நடப்பது எப்படி என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அதற்கும் வரலாற்றிலே விடை உண்டு. போலந்து நாட்டு நாடாளுமன்றத்திலே உறுப்பினர் ஒருவர் எழுந்து மறுத்தாலே போதும், அவையின் முடிவுகள் அனைத்தும் வீணாகிவிடும். 1652-இல் முதன்முதலாக அவ்வாறு ஓர் அவை முறிந்தது. பின்னர் அது வழக்கமாயிற்று. அயல்நாட்டு அரசுகள் ஓர் உறுப்பினரை வளைத்துப் போட்டு அவையையே முடக்கின. 1791-இல் புதிய அரசியற்சட்டம் அதை ஒழித்தது. ஆனால் காலம் கடந்துவிட்டது. 1795-இல் போலந்து அண்டை நாட்டாரின் பங்காகி, வரைபடத்திலிருந்தே மறைந்தது! ஒருவனுக்குப் பேச உரிமை உண்டு. அனைவரையும் தடுத்து நிறுத்த உரிமை இல்லை. கேட்கப்படும் உரிமை சிறுபான்மைக்கு. முடிவெடுக்கும் உரிமை பெரும்பான்மைக்கு. முதலாவதைச் செலுத்தாமல் இரண்டாவதைப் பெற முடியாது என்பதே மக்களாட்சியின் ஒப்பந்தம்.

நம் நாட்டிலேயே ஒரு சான்று. நெருக்கடி நிலை நிலவிய 1976-இல், விசாரணையின்றிச் சிறையிலிடப்பட்டவர்கள் நீதிமன்றத்தை நாடலாமா என்ற வழக்கு உச்சநீதிமன்றத்தின் முன் வந்தது. ஐந்து நீதிபதிகள். நால்வர், நாட முடியாது என்றனர். எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்துத் தீர்ப்பெழுதினார். மறு ஆண்டே, பணிமூப்பிலே அவருக்கு இளையவர் தலைமை நீதிபதியாக்கப்பட்டார்; கன்னா பதவி விலகினார். தோற்றது ஒற்றை வாக்கு! ஆனால் அது எழுத்திலே இருந்தது. நால்வர் தீர்ப்பு எந்த ஏட்டிலே ஏறியதோ, அதே ஏட்டிலே ஒருவர் மறுப்பும் முழுமையாக ஏறியிருந்தது. 41 ஆண்டுகள் கழித்து, 2017-இல், ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த ஆயம், அந்த நால்வரின் தீர்ப்பு தவறு என்று தள்ளியது. தள்ளிய தீர்ப்பை எழுதியவர்களுள் ஒருவர் அந்த நால்வருள் ஒருவரின் மகன்!

ஸ்டாக்மனின் ஊரிலும் கன்னாவின் மன்றத்திலும் ஒற்றை வாக்கு தோற்றது. வேறுபாடு எங்கே? அங்கே, எதிர்த்தவன் குடிகாரன் என்று மட்டும் குறிக்கப்பட்டது. இங்கே, எதிர்த்தவர் ஏன் எதிர்த்தார் என்பது குறிக்கப்பட்டது. முன்னது நகைப்பாயிற்று, பின்னது நாற்பதாண்டுக்குப் பின் நீதியாயிற்று.

நம் மன்றங்களில்

நாடாளுமன்றத்தையும் நீதிமன்றத்தையும் திருத்துவது நம் கைக்கு உடனே எட்டுவதன்று. நம் மன்றம் எட்டும். படிப்பகம், இளைஞர் கழகம், ஆசிரியர் சங்கம், தொழிற்சங்கக் கிளை எல்லாம் எட்டும். மேடையிலே சாக்ரட்டீசுக்காகக் கண்ணீர் விட்டுவிட்டு, செயற்குழுவிலே மாறுபட்டுப் பேசும் தோழரை, உட்கார் ஐயா, பெரும்பான்மை முடிவு செய்துவிட்டது என்று அதட்டுவோமானால், நம் கையிலே இருப்பது வெள்ளைத் தாளா, நச்சுக் கோப்பையா?

செய்ய வேண்டியவை பெரியவை அல்ல. எதிர்க்கருத்தை முழுதும் கேட்ட பின்னரே வாக்கெடுக்கலாம். தீர்மானத்தை முன்மொழிந்தவர் கையில் எண்ணும் பொறுப்பைக் கொடாமல் இருக்கலாம். ஆட்களைப் பற்றிய முடிவானால் அடுத்தவன் கண்ணுக்கு எட்டாத சீட்டிலே எடுக்கலாம். கைகள் எத்தனை உயர்ந்தன, எத்தனை உயரவில்லை, உயராதவை கூறிய காரணம் யாது என்று தீர்மானப் புத்தகத்திலே இரண்டு வரி கூடுதலாக எழுதலாம். புதிய செய்தி கிடைத்தால் பழைய முடிவை மீண்டும் எடுத்துப் பேச ஒரு விதி வைக்கலாம். தோற்றவருக்கும் கடமை உண்டு: பேசித் தோற்ற பின், முடிவைக் குலைக்க மூலையிலே கூடாமல், அடுத்த கூட்டத்திலே வென்றெடுக்க முயலலாம். முடிவு நிறைவேறட்டும், முணுமுணுப்பு வாதமாகட்டும்.

ஐந்தாம் அங்கத்தின் இறுதியிலே எல்லாவற்றையும் இழந்த மருத்துவர், ஊரை விட்டு ஓடப்போவதில்லை என்கிறார். பள்ளி தொடங்கப்போவதாகச் சொல்கிறார். எங்கே? அவரை மக்கள் பகைவர் என்று அறிவித்த அதே கூடத்திலே! யாரை வைத்து? தம் பிள்ளைகளோடு தெருவிலே திரியும் ஏழைச் சிறுவர் சிலரையும் சேர்த்து! நாய்க்கதை பேசிய நாவே தெருப்பிள்ளைகளை அழைக்கிறது. தம் ஆணவப் பேச்சுக்குத் தாமே எழுதிய மறுப்பு அது என்பேன். தெருச் சிறுவனுக்கும் மூளை உண்டு என்று ஒப்பாதவன் அவனுக்குப் பள்ளி திறப்பானா? தனித்து நிற்பதைப் பற்றி அவர் முழங்கிய முழக்கத்தைவிட, ஆள் சேர்க்க எண்ணிய அந்தச் சிறு எண்ணம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அந்தப் பள்ளியிலே முதற் பாடம் என்னவாக இருந்திருக்க வேண்டும்? கை தூக்கும் முன் பக்கத்துக் கையைப் பாராதே என்பது. இரண்டாம் பாடம்? உன் கையோடு உயராத கையையும் எண்ணு; ஏன் உயரவில்லை என்று கேள் என்பது. இவ்விரண்டையும் கற்ற இளைஞர்கள் ஓர் ஊரிலே பத்துப் பேர் இருந்தால் போதும், தோழர்களே! உண்மைக்கு வாக்களிக்க ஒரு குடிகாரன் வரும்வரை காத்திருக்க வேண்டிய நிலை அந்த ஊருக்கு வாராது.